ராசிச் சோறு

டிசம்பர் 24, புதன்

விடிந்ததிலிருந்து பனி. எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. அங்கன்வாடிக்குப் பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். வந்தவர்களுக்கும் மூக்கு ஒழுகல். சத்துமாவு உருண்டை, முட்டை. எடை பார்க்கும் போட்டோ உடனே வேண்டும் என்று சூப்பர்வைசர் அம்மா போனில். இந்தப் பனியில் எடுத்தால் பிள்ளையும் தராசும் பேய் மாதிரி விழும் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எப்போது வந்தது.

மதிய பஸ்ஸில் தே. வந்தாள். அரையாண்டு விடுமுறை. தேன்மொழி என்று பெயர் வைத்ததும் நான்தான், முழுதாக எழுதச் சோம்பல் படுவதும் நான்தான். ஒன்பதாம் வகுப்பு. கீழே டவுனில் பள்ளிக்கூடம், அங்கேயே ஹாஸ்டல். எங்கள் மலை ஊரிலிருந்து கீழே போய்த் தங்கிப் படிக்கும் முதல் பெண் என்று என் வீட்டுக்காரர் பேளுக்குறிச்சி சந்தையில் மிளகு விற்கும்போதுகூட ஆள் பிடித்து நிறுத்திச் சொல்வார். வாங்க வந்தவர் மிளகையும் விட்டுவிட்டு ஓடுவார்.

பஸ் நின்றதும் ஓடிப்போய் “வா கண்ணு” என்று பையை வாங்கினேன். அடி வாங்கியவள் மாதிரி உடம்பைச் சுருக்கிக்கொண்டாள். யாராவது கேட்டார்களா என்று சுற்றிப் பார்த்தாள்.

“அப்படிக் கூப்பிடாதம்மா.”

“பின்ன எப்படிக் கூப்பிடறது, கலெக்டரம்மான்னா?”

சிரிக்கவில்லை. தீபாவளிக்கு வந்தவளில் பாதிதான் இப்போது இருக்கிறாள். கழுத்தெலும்பு தெரிகிறது. விரல் நகமெல்லாம் சதை வரைக்கும் கடித்து வைத்திருக்கிறாள்.

சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் வைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள். அவர் என்னைப் பார்த்தார். நான் குழம்பைப் பார்த்தேன்.

டிசம்பர் 25, வியாழன்

லீவு. ஸ்டெல்லா சிஸ்டர் கேக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி நர்ஸ், நாகர்கோவில் பக்கம். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பாவம், கண் கலங்கியிருந்தது, குழம்பு காரம் என்று சொல்லிக்கொண்டார்.

தே. காலையில் தலைக்குக் குளித்தாள். சாயங்காலம் மறுபடியும். இந்தக் குளிரில். ஷாம்பு பாக்கெட்டுகள் பையில் ஒரு சரமே வைத்திருக்கிறாள். “எண்ணெய் நாத்தம் போகணும்” என்றாள். தேங்காயெண்ணெய் என்றைக்கு நாறியது?

இன்னொன்று. “ஊட்டுக்குப் போலாமா” என்று கேட்டேன். “வீட்டுக்கு” என்றாள், மெதுவாக, திருத்துகிற மாதிரி. டிவியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி பேசுகிறாள் இப்போது. அவர் “ஏனுங் சாமி, எங்க ஊட்டுப் புள்ளதானுங்களே நீங்க?” என்று கேலி செய்தார். எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் முகம் விழுந்துவிட்டது.

டிசம்பர் 26, வெள்ளி

களத்தில் சாமை அடித்தோம். கை எரிகிறது. தே. வரவில்லை, படுத்தே கிடந்தாள்.

யோசிக்க யோசிக்கப் புரியவில்லை. ஹாஸ்டல் தகராறுதான் தீர்ந்துவிட்டதே. ஜூனில் சேர்த்ததிலிருந்து அந்தப் பிள்ளைகள் இவளைப் பாடாய்ப் படுத்தினார்கள். மலைக்காரி, உங்க வீட்ல கரடி இருக்கா, மரத்துல தூங்குவீங்களா. செருப்பை ஒளித்து வைப்பது. பக்கத்தில் உட்கார்ந்தால் தட்டோடு எழுந்து போவது. போனில் அழுதாள்.

நான் போய்ச் சண்டை போடுகிற ஆள் இல்லை. எங்கள் பக்கம் இரண்டு வீட்டுக்குள் மனத்தாங்கல் வந்தால் ஒரு வழி இருக்கிறது. பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர்கள் சோறாக்கி எடுத்துப் போவார்கள். தப்பு செய்தவர்கள் அதை வாங்கிச் சாப்பிட வேண்டும். ஒரு பானைச் சோறு இரண்டு வயிற்றுக்குள் போய்விட்டால் அதற்கப்புறம் பேச்சு கிடையாது. ராசிச் சோறு என்போம். என் மாமியாருக்கும் எனக்கும்கூட அப்படித்தான் தீர்ந்தது (மாமியார் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், பாதிதான் தீர்ந்தது).

தீபாவளி முடிந்ததும் நானே போனேன். விடியும் முன் ஆக்கி, பானையைத் துணியில் கட்டி, முதல் பஸ். கூடை நிறைய மலை வாழைப்பழம். படிக்கிற இடம் என்று செருப்பைக் கேட்டிலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். வார்டன் அம்மா நல்ல மாதிரி, விட்டார். அந்தப் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து என் கையால் பரிமாறினேன். “எம்புள்ளயோட ராசியா இருங்க கண்ணுங்களா” என்றேன். எல்லாரும் சாப்பிட்டார்கள். ஹரிணி என்று ஒருத்தி, அவள்தான் தலைவி. அவளே கேட்டு வாங்கிச் சாப்பிட்டு “சூப்பர் ஆன்ட்டி” என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. தலையைத் தடவிவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் தே. போனில் அழவே இல்லை. “இப்ப எல்லாரும் பக்கத்துல உக்கார்றாங்கம்மா” என்றாள். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அப்படியிருக்க, இது என்ன?

டிசம்பர் 28, ஞாயிறு

வயிற்று வலி என்கிறாள். காலையில்தான் வருகிறது. மத்தியானம் போய்விடுகிறது. ஓமத்தண்ணி கொடுத்தேன். பிரயோசனம் இல்லை.

எதற்கெடுத்தாலும் மன்னிப்பு. தம்ளர் கீழே விழுந்தால் ஸாரி. கோழி உள்ளே வந்தால் ஸாரி. நான் தும்மினேன், அதற்கும் ஸாரி. எரிச்சலில் “இனி ஒரு தரம் ஸாரி சொன்னீன்னா பாரு” என்று கத்திவிட்டேன். “ஸாரிம்மா” என்றாள்.

அவர்: “வயசுப் புள்ள. அப்படித்தான் இருக்கும். பள்ளிக்கூடம் தொறந்தாச் சரியாயிடும்.”

நான்: “ஏனுங்க, பள்ளிக்கூடம்னு சொன்னதும் மூஞ்சியப் பாத்தீங்களா?”

அவர்: “நாம படிக்கல. அவளாவது படிக்கோணும்.”

பேச்சை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் அவரிடம் அப்புறம் ஒன்றும் பேச முடியாது.

டிசம்பர் 29, திங்கள்

அ.வாடி முடிந்து தே.யை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்தார், மாத்திரை ஒன்றும் எழுதவில்லை. ஸ்டெல்லா சிஸ்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

“டீச்சர், வயித்துல ஒண்ணும் இல்ல. பிள்ளை எதுக்கோ பயப்படுது. நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னே பேசிப் பாக்கிறவங்க இருக்காங்க. நான் கேட்டு வைக்கவா?”

எனக்குச் சுருக்கென்று ஏறியது. “எம்புள்ளைக்கு என்ன, பைத்தியமா?” என்றேன்.

“நான் அப்படிச் சொன்னேனா?” என்றார். கோபப்படவில்லை. எனக்குத்தான் வீடு வரும்வரை கோபம். அவர் மேல் இல்லை என்று வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது. வேறு யார் மேல் என்று தெரியவில்லை.

டிசம்பர் 31, புதன்

பனி. காப்பிப் பழம் பறிக்க ஆள் வரவில்லை. நாங்களே பறித்தோம். தே.யும் வந்தாள், நான் இழுத்துக்கொண்டு போனதால். கூடையைக் கட்டிக்கொண்டு அப்படியே நின்றாள். ஒரு செடியின் முன்னால் ரொம்ப நேரம். கூப்பிட்டேன், காது கேட்கவில்லை.

அப்புறம் கேட்டாள்: “அம்மா, நான் இல்லாமப் போனா நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருப்பீங்களா?”

“எங்கடி போற?”

“சும்மா கேட்டேன்.”

மரவள்ளிக் காட்டுக்கு அடிக்க வாங்கிவைத்திருந்த மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கொழுந்தனார் வீட்டுப் பரண்மேல் வைத்துவிட்டு வந்தேன். எலி கடிக்கிறது என்று காரணம் சொன்னேன். எலி மருந்து டப்பாவைக் கடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. வேறெதுவும் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

ஸ்டெல்லா சிஸ்டருக்குப் போன் செய்தேன். நாமக்கல்லில் கேட்டு வையுங்கள் என்றேன். நேற்றே கேட்டுவிட்டேன் என்றார்.

ஜனவரி 1, வியாழன்

வாங்க வேண்டியவை: பருப்பு, விளக்குத் திரி, தே.க்குச் சாக்ஸ், அவருக்கு மூக்குப்பொடி (வேண்டாம், நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். வாங்குவேன், எனக்கே தெரியும்).

இரவெல்லாம் அவளருகிலேயே படுத்தேன். புரண்டால் புரண்டேன். திங்களன்று பள்ளி திறக்கிறது.

ஒரு முடிவு. ராசி எங்கேயோ சரியாகப் படியவில்லை. இன்னொரு தரம் போட வேண்டும். இந்த முறை பலகாரத்தோடு, நன்றாக. அந்த ஹரிணிக்குத் தனியாகக் கொஞ்சம் மிளகு. திங்களன்று தே.யோடு நானும் பஸ் ஏறுவேன். அவரிடம் சொன்னேன். “நல்லதுதான்” என்றார்.

ஜனவரி 2, வெள்ளி

எப்படி எழுதுவது.

அடுப்படியில் உட்கார்ந்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தேன். தே. எதற்கு இவ்வளவு என்று கேட்டாள். “திங்கக்கெழமை உங்கூட நானும் வாரேன். எல்லாருக்கும் மறுபடியும் சோறு போட்டுட்டு வாரேன்” என்றேன்.

தட்டைத் தட்டிவிட்டாள். கொட்டை அடுப்படி முழுவதும் சிதறியது. “வராத! நீ அங்க வராத! ஏற்கெனவே வந்தது போதாதா?”

இவள் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கு மறந்தே போயிருந்தது. ஏன் என்று கேட்டேன். மறுபடியும் கேட்டேன். எழுந்து நின்றாள். வாசலில் கிடந்த என் செருப்பை எடுத்துக் கையில் பிடித்தாள். இன்னொரு கையால் இடுப்பில் பானை இருக்கிற மாதிரி வளைத்துக்கொண்டாள். கழுத்தை முன்னால் நீட்டி, பாதத்தைப் பரத்திப் பரத்தி வைத்து நடந்துவந்தாள்.

“ஏனுங் கண்ணுங்களா. எம்புள்ளயோட ராசியா இருங்க கண்ணுங்களா. சோறு பத்துச்சுங்களா சாமி. இன்னங் கொஞ்சம் போட்டுக்கங்க, மலைச் சோறுங் கண்ணு, ஒடம்புக்கு நல்லதுங் கண்ணு.”

நான்தான். அச்சு அசல் நான். குனியும்போது நான் முழங்காலைப் பிடித்துக்கொள்வேன், அதுகூட இருந்தது. சிரிப்பே வந்துவிட்டது எனக்கு. சிரிக்கக்கூடச் செய்தேன் என்று நினைக்கிறேன். அப்புறம்தான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அவள் சொன்னது, நினைவிருக்கிறவரை:

நான் கேட்டைத் தாண்டியதுமே ஹரிணி செய்து காட்டியிருக்கிறாள். அப்புறம் தினமும். சாயங்காலப் படிப்பு முடிந்ததும் ஒருத்தி என்னை மாதிரி நடக்க வேண்டும், மற்றவர்கள் “கண்ணு, கண்ணு” என்று கத்த வேண்டும். காலையில் எழுப்புவது கண்ணு. குளியலறைக் கதவைத் தட்டுவது கண்ணு. பரீட்சை ஹாலில் பின்னாலிருந்து கண்ணு.

“அப்புறம் என்னையே செய்யச் சொன்னாங்கம்மா. மாட்டேன்னுதான் சொன்னேன். ஒரு வாரம் யாரும் எங்கிட்டப் பேசல, என் தட்டுல தண்ணி ஊத்துனாங்க. அப்புறம் செஞ்சேன். செஞ்சா அன்னிக்கு விட்டுருவாங்க. பக்கத்துல உக்காந்து சாப்பிட விடுவாங்க.”

பக்கத்தில் உட்கார்கிறார்கள் என்று போனில் சொன்னது இதுதான்.

“எல்லாரையும் விட நாந்தாம்மா நல்லாச் செய்வேன். எல்லாருமே சொல்லுவாங்க.”

செருப்பு இன்னும் கையில் இருந்தது அவளுக்கு. நான் கீழே குனிந்து சிதறிய கொட்டையைப் பொறுக்கினேன். அதைத் தவிர ஒன்றும் செய்யத் தெரியவில்லை. நாள் முழுவதும் ஊர்ப்பிள்ளைகளுக்கு அழுகை நிறுத்துகிறவள் நான். யாருக்குப் பசி, யாருக்குத் தூக்கம், யாருக்குப் பேன் என்று அழுகிற தொனியிலேயே சொல்லிவிடுவேன். என் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அவமானமாக இருந்தது. எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். என் நடை, என் பேச்சு எல்லாம் அவ்வளவு சிரிப்பா என்று இருந்தது. அதைவிட, அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு எப்படி முடிந்தது அவர்களுக்கு? அது என்ன சோறு என்று அவர்களுக்குத் தெரியாது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? கீழே இருப்பவர்களுக்கு அது வெறும் ஓசிச் சாப்பாடு. நான்தான் கூடையைச் சுமந்துகொண்டு போய் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன், என்னையும் சேர்த்து.

ஜனவரி 3, சனி

அவரிடம் காப்பித் தோட்டத்தில் வைத்துச் சொன்னேன். பறிப்பதை நிறுத்தவில்லை அவர்.

“உன்னையக் கேலி பண்ணுனாளா அவ?”

“பண்ண வெச்சாங்க.”

பச்சைக் காயையெல்லாம் சேர்த்து உருவிக்கொண்டிருந்தார். கவனித்து நிறுத்தினார். “திங்கக்கெழம பஸ்ஸுக்கு யாரும் போக வேண்டாம்” என்றார். அந்த ‘முதல் பெண்’ பேச்சு ஒன்றும் எடுக்கவில்லை. கூடையில் விழுந்த பச்சைக் காயைப் பொறுக்கி ஓரமாக வைத்தார். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஆள் இருந்தார்கள்.

வார்டன் அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாம் சொன்னேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“பசங்க விளையாட்டுக்குச் செய்வாங்கம்மா, அதப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு. நானே பாத்திருக்கேன். உங்க பொண்ணு அவ்ளோ நல்லா நடிக்கும். ஆண்டு விழாவுல போடலாம்னுகூட இருந்தோம்.”

பார்த்திருக்கிறார். நின்று பார்த்திருக்கிறார். நான் “சரிங்க” என்று போனை வைத்தேன். ‘சரிங்க’ ஏன் சொன்னேன்? வாய்ப்பழக்கம். கீழே இறங்கிப் போய் அந்த ஹரிணியின் தலைமுடியைப் பிடித்து ஆட்ட வேண்டும் போல இருக்கிறது. தடவிக்கொடுத்த அதே தலை. அவளுக்கும் இவள் வயதுதான். என்னிடம் வாங்கிச் சாப்பிடும்போது வாயோரத்தில் சோறு ஒட்டியிருந்தது, நான்தான் துடைத்துவிட்டேன்.

மலைமேலுள்ள பள்ளியில் இடம் கேட்க வேண்டும். டி.சி. வாங்க அவர் மட்டும் போவார். நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்டெல்லா சிஸ்டரும் கூட வருகிறாராம். அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன். “மிளகு ரசம் வச்சுக் கொடுங்க, போதும்” என்றார்.

தே. இன்று கொஞ்சம் சாப்பிட்டாள். சுவரைப் பார்த்துத்தான்.

ஜனவரி 5, திங்கள்

பனி இல்லை. வெயில்.

காலை பஸ் ஹாரன் அடித்தபடி வந்து நின்று, அவளில்லாமல் போனது. சத்தம் அடிவாரத்துக் காரவள்ளிப் பக்கம் வளைவில் இறங்கித் தேய்ந்து போகும்வரை அவள் போர்வைக்குள்ளேயே இருந்தாள். வயிற்று வலி என்று சொல்லவில்லை.

அங்கன்வாடியில் எனக்கு வேலையே ஓடவில்லை. அந்த ஒரு சொல் இல்லாமல் பிள்ளைகளைக் கூப்பிடுவது எப்படி என்று தெரியவில்லை. நாவு நுனிவரை வருகிறது. வந்ததும் அவள் செருப்பைப் பிடித்து நின்றது கண்முன் வருகிறது. விழுங்கிவிட்டு “ஏய், இங்க வா” என்கிறேன். ஒரு குட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு “டீச்சர், கோவமா?” என்று கேட்டது. இல்லடி, முட்டையைத் தின்னு என்றேன்.

வீட்டில் வெள்ளிக்கிழமையிலிருந்தே அந்தச் சொல்லை எடுப்பதில்லை. அவளுக்குக் குத்தும். பஸ்ஸில் வந்த அன்றைக்கே கூப்பிடாதே என்று சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. இப்போது தேன்மொழி, சாப்பிட வா. தேன்மொழி, தண்ணி காய்ஞ்சிருச்சு. முழுப்பெயர்.

சாயங்காலம் நான் இதை எழுத உட்கார்ந்தபோது வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அம்மா, எம்மேல கோவமா?”

“இல்ல” என்றேன்.

நின்றுகொண்டே இருந்தாள். நான் கூடச் சொல்வதற்கு ஏதோ இருக்கிற மாதிரி.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். போ, கோழியடை” என்றேன்.

போய்விட்டாள். இரண்டு வரி எழுதிய பிறகுதான் உறைக்கிறது. அந்தச் சொல்லை நான் மறைத்து வைத்தது அவளுக்குக் குத்தக்கூடாது என்று. அவளோ, அவள் செய்ததற்காக நான் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். பிறந்ததிலிருந்து அவளைக் கூப்பிட்டது அப்படித்தான். அவர்கள் நடுவில் வந்து இரண்டு மாசம் வைத்து விளையாடினார்கள், அதற்காக அது அவர்களுடையது ஆகிவிடுமா?

கூடை கவிழ்க்கும் சத்தம் கேட்கிறது. இன்னும் வெளியேதான் இருக்கிறாள். போய்க் கூப்பிடுகிறேன்.